அவர் இடத்தில் நின்று பார்த்தும் புரியவில்லை என்றால்

உடன் வேலை செய்பவர் எதையும் ஏன் எழுத்தில் கேட்கிறார், அவர் இடத்தில் நின்று யோசித்தும் பிடிபடவில்லை என்கிறீர்கள். யோசிப்பதோடு நிறுத்தியதுதான் சிக்கல். அங்கே போய் நின்றாலும் கூடவே உங்கள் அனுபவமும் உங்கள் பயங்களும்தான் வருகின்றன; ஊகம் தவறாகிவிடுகிறது.

அவரிடமே கேளுங்கள். 'ஏன்' என்று ஆரம்பித்தால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். 'வாய்மொழியாகச் சொன்னதில் முன்பு ஏதாவது பிரச்சினை ஆனதா?' என்று கேட்டுப் பாருங்கள்.

அதன்பிறகு உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன விதி: அவர் பேசியதை, அவருக்குத் திருப்தியாகும் வகையில் திருப்பிச் சொன்ன பிறகே உங்கள் கருத்து. திருப்பிச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். கடைசியில் 'ஆனால்' ஒட்டிவிட்டால், அவர் மறுபடி தற்காப்புக்குப் போய்விடுவார். 'இல்லை, நான் சொன்னது அது இல்லை' என்று திருத்தினால் நல்லது. உங்களுக்குத் தெரியாத விஷயம் அங்கேதான் வெளியே வரும்.