வலிக்காத ஞானப்பல்லுக்கு 48,000 ரூபாயா?

கேள்வி: வயது 26, கோவையில் வேலை, கைக்கு வருவது 38,000 ரூபாய். பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நான்கு ஞானப்பற்களையும் இப்போதே எடுத்துவிடச் சொல்கிறார்கள். மொத்தம் 48,000, இஎம்ஐ உண்டாம். இதுவரை வலியே இல்லை. சேமிப்பு 70,000. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் இஎம்ஐ படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வலியும் வீக்கமும் இல்லையென்றால், ஒரு மாதம் தள்ளிப்போவதால் குடி முழுகிவிடாது.

நான் பல் டாக்டர் இல்லை. ஆனால் இங்கே செலவைத் தீர்மானிப்பதே அந்த எக்ஸ்ரேதான். நான்கு பல்லுக்கும் ஒரே தீர்ப்பு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஏதாவது ஒரு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, ஒவ்வொரு பல்லையும் ஏன் எடுக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கீழ்ப்பல்லின் வேர் நரம்பை ஒட்டியிருந்தால் எடுத்த பிறகு உதடு மரத்துப்போகவும் கூடும், அதையும் கேளுங்கள். நோயில்லாத, புதைந்த ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2000-லேயே சொல்லிவிட்டது.

ஆனால் முன்னால் சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருக்கும் பல் என்றால் கதையே வேறு. எனக்குக் கீழ் இடதுபக்கம் அப்படி ஒன்று இருந்தது. எதைச் சாப்பிட்டாலும் அந்த இடுக்கில் கீரை நாரோ தேங்காய்த் துருவலோ மாட்டிக்கொள்ளும், நாக்கால் துழாவிக்கொண்டே இருப்பேன். வலிதான் இல்லையே என்று மூன்று வருடம் விட்டதில் ஞானப்பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு முன்னால் இருந்த நல்ல பல் சொத்தையாகிவிட்டது. அதற்கு ரூட் கெனால், மேலே கேப், அப்புறம் ஞானப்பல்லை எடுத்த செலவு தனி.

அதனால் உங்களுக்கும் அப்படிச் சாய்ந்த பல் ஒன்றோ இரண்டோ இருந்தால், அதை மட்டும் கையிருப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். இரண்டுக்கு 24,000 போனாலும் 46,000 மிஞ்சும், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். நான்கையும் எடுத்தால் மிஞ்சுவது 22,000தான். அந்த நேரத்தில் வேலை போனால் வாடகைக்கே திண்டாட்டம்.

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தவிர, பல் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் சேர்ப்பதில்லை. சில கம்பெனி பாலிசிகளில் ஓபிடி (ஆஸ்பத்திரியில் சேராமல் பெறும் சிகிச்சை) பிரிவில் பல்லுக்குச் சின்ன வரம்பு இருக்கும், எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். வட்டியில்லா இஎம்ஐ என்பார்கள், அதிலும் பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் பிடித்துவிடும்.

மீதிப் பற்களுக்காக மாதம் 1,500 ரூபாய்க்கு வங்கியில் ஒரு ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள். எடுக்கவே தேவையில்லை என்றானாலும் அந்தப் பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கும்.