பயங்கரமில்லாத தீ உண்டா?

கே: பயங்கரத் தீ விபத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் பிளேஸ், இன்ஃபெர்னோ, கான்ஃப்ளக்ரேஷன், ஹோலோகாஸ்ட் என்று எத்தனையோ சொற்கள். அகராதியில் எல்லாவற்றுக்கும் 'பெருந்தீ' என்றே போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் என் மகன் கட்டுரையில் எதைப் பயன்படுத்தலாம்?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

ப: முதலில் அந்தப் 'பயங்கர'த்தை எடுத்துவிடுங்கள் அம்மா. நம் நாளேடுகளில் ஒட்டுக்கடை எண்ணெய்ச் சட்டி பற்றினாலும் பயங்கரத் தீ, தாமானில் (குடியிருப்பில்) ஒரு வரிசை வீடு சாம்பலானாலும் பயங்கரத் தீ. சாதுவான தீ, பெரியவர்களைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும் தீ, முன்கூட்டியே போன் போட்டுவிட்டு வரும் தீ என்று எங்காவது உண்டா? இதை இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்டதில் நிருபர் நண்பர்கள் சிலர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். 'தீ மளமளவெனப் பரவியது' என்பதற்கு மேல் அவர்கள் என்ன பேசிவிடப்போகிறார்கள்!

மகனுக்குப் பிளேஸ் போதும். ஒரு வீடோ கடையோ கொழுந்துவிட்டு எரிவதற்கு அது பொருந்தும். இன்ஃபெர்னோ இத்தாலிய நரகம். கட்டடம் முழுக்கத் தீப்பிடித்து, உள்ளே கால் வைக்கவே முடியாது என்றால் எழுதலாம். ஹோலோகாஸ்டைத் தொடவே வேண்டாம். முழுதாக எரித்துப் படைக்கும் பலி என்ற கிரேக்கப் பொருளில் பிறந்து, ஒருகாலத்தில் பெருந்தீக்கும் வழங்கிய சொல்தான். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த பிறகு அது அந்தக் கொடுமைக்கே உரியதாகிவிட்டது. சந்தைக்கடைத் தீக்கு அதைப் போட்டால் சிவப்பு மை நிச்சயம்.

எனக்குப் பிடித்தது கான்ஃப்ளக்ரேஷன். தீ ஒரு கட்டடத்தோடு நிற்காமல், காற்றில் பறக்கும் கங்குகளால் தெருவையும் தாண்டி நகர்ந்துகொண்டே போக வேண்டும். 1666-இல் லண்டனிலும் 1871-இல் சிகாகோவிலும் நடந்தது அதுதான். ஃபயர்ஸ்டார்ம் வேறு வகை. நின்ற இடத்தில் நின்று நாலாபுறக் காற்றையும் தன்னிடம் இழுக்கும். 1943 ஜூலையில் குண்டுவீச்சில் ஹாம்பர்க் அப்படி எரிந்தது.

கான்ஃப்ளக்ரேஷனுக்குச் சிகாகோவரை போவானேன்? அத்தாப்பு ஓலைக் கூரையும் மரச்சுவருமாக இருந்த கோலாலம்பூர் 1881-இல் எரிந்தது. அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூருக்குப் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக (ஆட்சிப் பிரதிநிதியாக) வந்த சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு ஊரைத் திரும்பக் கட்டவைத்தார். அந்தச் செங்கல்லுக்குச் சூளை போட்ட இடம்தான், இன்று நாம் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் பிரிக்ஃபீல்ட்ஸ்.

உங்கள் ஊர்ப் பழைய கடைவீடுகளை நிமிர்ந்து பாருங்கள். இரண்டு கடைகளுக்கு இடையிலான செங்கல் சுவர் பல இடங்களில் கூரை ஓட்டுக்கு மேலேயும் எழும்பி நிற்கும். அழகுக்காக மட்டுமல்ல, பக்கத்துக் கூரைக்குத் தீ தாவாமல் தடுக்கவும்தான். அந்தச் சுவரைக் குடைந்து வயர் இழுத்துவிட்டு ஓட்டையைப் பூசாமல் விடுகிறார்கள். இரண்டு கடையை ஒன்றாக்க அதையே இடித்தும் விடுகிறார்கள். பிறகு ஒரு கடையின் புகை அடுத்த கடையின் பொய்க்கூரைக்குள்ளும் புகும். மேலே தேங்கும் புகை 500, 600 பாகை செல்சியஸைத் தொட்டால், அறையில் உள்ள நாற்காலி, துணி, காகிதம் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றும். இதற்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர். அதன் பிறகு உள்ளே இருப்பவர் பிழைப்பது அரிது.

பொம்பா (தீயணைப்புப் படை) வரும்வரை காத்திருக்காமல் வெளியேற வேண்டும் என்றால் வாசல் கிரில் (இரும்புக் கம்பிக் கதவு) திறக்க வேண்டும். நம் வீடுகளிலோ இரவில் கிரில்லைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டு, கைப்பையை அலமாரிக்குள் வைக்கிறோம். கதவருகே, வெளியிலிருந்து கையை நீட்டினால் எட்டாத, உள்ளே சிறுபிள்ளைக்கும் எட்டுகிற இடத்தில் ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டுங்கள். கிரில் எத்தனை இருந்தாலும் ஒரே சாவிக்குத் திறக்கும் பூட்டுகளாக வாங்குங்கள். கட்டுரை எழுதி முடித்ததும் மகனைக் கண்ணைக் கட்டிக்கொண்டு, குனிந்து வந்து, ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.