படகுக்கு ஒரு துப்பாக்கி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் நடக்கும் துப்பாக்கிச்சூடு பற்றியும், துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் நீங்கள் எழுதியதைப் படித்தேன். முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் அக்கா மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். வீட்டில் துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும் போனில் சத்தம் போட்டேன். பதிலுக்கு ஒரு வரைபடம் அனுப்பினான். தொண்ணூறுகளில் இருந்து அங்கே துப்பாக்கி கூடிக்கொண்டே போகிறது, கொலை குறைந்துகொண்டே வருகிறது. சட்டம் கடுமையாக இருக்கும் சிகாகோவில்தான் அதிகம் சாகிறார்கள், வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் சுவிட்சர்லாந்தில் யாரும் சுட்டுக்கொள்வதில்லை என்கிறான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே யாரிடம் துப்பாக்கி இருந்தது? வெட்டும் குத்தும் நின்றதா? அரிவாள் போதுமே. வெள்ளைக்காரன் நம்மை அடக்கி வைக்கக் கொண்டுவந்த சட்டத்தை நாம் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? கடலில் நம் ஆட்கள் வெறுங்கையோடு போய் அடியும் சூடும் வாங்கி வருகிறார்கள். படகுக்கு ஒரு துப்பாக்கி கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

தங்கள் தம்பி,
மு., தொண்டி

அன்புள்ள தம்பி,

கோபத்தில் தவறில்லை. கடலுக்குப் போன ஆள் திரும்பி வரும்வரை வீடு படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மருமகன் அனுப்பிய வரைபடத்தில் பொய் இல்லை. 1991-இல் அமெரிக்காவில் லட்சம் பேருக்கு 9.8 கொலை. 2014-இல் அது 4.4 ஆகக் குறைந்தது. ஆனால் கோடு அங்கே நிற்கவில்லை. 2020-இல் துப்பாக்கி விற்பனை அதுவரை இல்லாத அளவுக்குப் போனது. அந்த ஒரே வருடத்தில் கொலையும் 30 சதவீதம் அளவுக்குக் கூடியது. அப்புறம் மறுபடி இறங்கியது. துப்பாக்கி பெருகியபோது கொலை குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. போதைச் சந்தை, போலீஸ், சிறை, வேலைவாய்ப்பு எல்லாம் சேர்ந்து இழுக்கும் ஒரு கோட்டை வைத்து எந்தப் பக்கமும் ஜெயிக்க முடியாது.

இடுப்பில் துப்பாக்கியோடு நடமாட அனுமதித்த மாநிலங்களில் குற்றம் குறைந்தது என்று ஜான் லாட் என்ற பொருளாதார அறிஞர் தொண்ணூறுகளில் வாதிட்டார். மருமகன் சொல்லும் வாதத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தரவுகளை அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சிலின் குழு ஒன்று 2004-இல் பரிசீலித்து, குறைந்தது என்று சொல்லவும் ஆதாரம் போதாது, கூடியது என்று சொல்லவும் போதாது என்றது. பிறகு 2019-இல் ஜான் டோனஹ்யூவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், அப்படித் தளர்த்திய மாநிலங்களில் பத்து வருடம் கழித்து வன்முறைக் குற்றம், தளர்த்தாமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 சதவீதம் அதிகம் என்று வந்தது.

சிகாகோ விஷயம் எளிது. அந்த ஊர்ப் போலீஸ் குற்றத்தில் பிடித்த துப்பாக்கிகளின் மூலத்தைத் தேடி 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கும் மேல் வெளிமாநிலத்தில் முதலில் விற்கப்பட்டவை. பக்கத்து இண்டியானாவில் இருந்து மட்டும் ஐந்தில் ஒன்று. ஒரு மாநிலம் இறுக்கிப் பிடித்து அடுத்த மாநிலம் திறந்துவிட்டால், நடுவில் சோதனைச் சாவடியா இருக்கிறது? சுவிட்சர்லாந்தில் 100 பேருக்கு 28 துப்பாக்கி அளவில் இருக்கிறது, அமெரிக்காவில் 120. சுவிஸ் வீடுகளில் இருந்த ராணுவத் தோட்டாக்களை அரசே திரும்ப வாங்கிக்கொண்டது. 2019-இல் சட்டத்தை இன்னும் இறுக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், ஏறத்தாழ 64 சதவீதம் பேர் இறுக்கு என்றார்கள். அந்த நாட்டை மருமகன் தன் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன், எனக்கு முக்கியமானது இதுதான்.

நம் மாவட்டத்தில் துப்பாக்கி இல்லாமலே ரத்தம் ஓடியது என்கிறீர்கள். ஓடியது. 1957 செப்டம்பரில் பரமக்குடியில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இமானுவேல் சேகரனை வெட்டிக் கொன்றார்கள். முதுகுளத்தூர் வட்டாரமே எரிந்தது. இன்றைக்கும் தலைவர்களின் நினைவு நாள்கள் உள்ள செப்டம்பரும் அக்டோபரும் வந்தால் 144 தடை உத்தரவு, வாடகை வண்டிக்குக் கட்டுப்பாடு, வெளிமாவட்டப் போலீஸ். துப்பாக்கிச் சட்டம் மனிதனின் மனத்தில் இருக்கும் சாதியைத் தொடவே தொடாது. அதைத் தொடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசாங்கத்தின் கையில் இருக்கும் துப்பாக்கியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1957-இல் கீழத்தூவலில் ஐந்து பேர் போலீஸ் சுட்டுச் செத்தார்கள். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. குடிமக்களுக்குக் கட்டுப்பாடு கேட்கிற நாம் சீருடைக்கும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும்.

ஆனால் சண்டை எத்தனை என்பது ஒரு கணக்கு. சண்டையில் சாவு எத்தனை என்பது வேறு கணக்கு. இரண்டையும் 'வன்முறை' என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் இந்த விவாதம் எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஃபிராங்க்ளின் சிம்ரிங் என்பவர் சிகாகோ போலீஸ் பதிவுகளை எடுத்து 1968-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கத்திக்குத்துப் பட்டவர்களோடு ஒப்பிட்டால் சுடப்பட்டவர்கள் செத்தது ஏறத்தாழ ஐந்து மடங்கு. தாக்கியவர்களில் பெரும்பாலானவர்கள் திட்டமிட்ட கொலைகாரர்கள் அல்ல. குடித்துவிட்டோ, வாய்த்தகராறு முற்றியோ கைக்குக் கிடைத்ததை எடுத்தவர்கள். கோபம் ஏறக்குறைய ஒன்றுதான், கையில் இருந்த பொருள் சாவைத் தீர்மானித்தது.

இதை நாம் சிகாகோ போய்ப் படிக்க வேண்டியதில்லை. விசைப்படகு வந்து நாட்டுப்படகுக்காரனின் வலையை அறுத்துக்கொண்டு போகிறது. கடன் வாங்கி வாங்கிய வலை, ஒரு ராத்திரியில் போய்விடுகிறது. மறுநாள் கரையில் கம்பும் கட்டையும் தூக்குகிறார்கள். மண்டை உடைகிறது, கை ஒடிகிறது, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் எதிரெதிர்க் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். அப்புறம் ஊர்க்கூட்டம், மீன்வளத்துறை அதிகாரி, சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்), அபராதம், நஷ்டஈடு. சில வருடம் கழித்து அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் சம்பந்தம்கூட நடக்கிறது. இதே தகராறில் ஒருவன் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் ஊர்க்கூட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது. செத்தவனுக்கு நஷ்டஈடு பேசி முடித்தாலும் பகை முடியாது, அடுத்த தலைமுறைக்குப் போகும்.

அந்தத் தகராறுகளைக் குறைத்ததும் பொருளின் மேல் போட்ட விதிகள்தான். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது, விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடந்த மோதல்களுக்குப் பிறகு. கரையில் இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு வரக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை கூடாது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. மீறுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்காக விதியே வேண்டாம் என்று தொண்டியில் ஒரு நாட்டுப்படகுக்காரராவது சொல்வாரா? இரட்டைமடி மீனை அழிக்கவில்லை, பிடிக்கிறவன்தான் அழிக்கிறான் என்று யாராவது வாதாடினால் உங்கள் ஊர்க் கரையில் நின்று பேச முடியுமா? துப்பாக்கிக்கும் நான் கேட்பது அந்த நியாயத்தைத்தான்.

வெள்ளைக்காரன் சட்டம் பற்றிச் சொன்னீர்கள். 1878 ஆயுதச் சட்டம் நிறம் பார்த்த சட்டம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். அதை காந்தியும் கண்டித்தார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் நிராகரித்தது. ஆக, இன்று நம்மிடம் இருப்பது நம்மவர்கள் யோசித்து எடுத்த முடிவு. 1959 சட்டம் நாம் போட்டது. யார் விண்ணப்பித்தாலும் காரணம் கேட்பார்கள், போலீஸ் விசாரணை, கலெக்டர் கையெழுத்து. தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது.

இந்தக் கரைக்குத் துப்பாக்கி வந்தே இராதது போல நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். எண்பதுகளில் வந்தது. ஈழத்துப் பிள்ளைகள் நல்ல காரணத்துக்காக ஏந்துகிறார்கள் என்று நம் வீடுகள் சோறு போட்டன. எனக்கு அந்தக் காரணத்தின் மேல் இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கிகள் யாரைச் சுட்டன என்று பாருங்கள். 1982-இல் சென்னை பாண்டி பஜாரில் போராளிகளே ஒருவரை ஒருவர் சுட்டார்கள். 1986-இல் சூளைமேட்டில் உள்ளூர் இளைஞர் ஒருவர் செத்தார். 1990-இல் கோடம்பாக்கத்தில் ஈழ இயக்கம் ஒன்றின் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் கொல்லப்பட்டார்கள், கொன்றவர்களும் தமிழர்கள். எதிரிக்கு என்று வாங்கிய ஆயுதம் பக்கத்தில் இருப்பவனை நோக்கித் திரும்ப அதிக நாள் ஆகவில்லை.

அந்த ஆயுதங்கள் காலத்தோடு அழிந்தும் போகவில்லை. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டும்போது பெட்டி பெட்டியாகத் தோட்டா வந்தது நினைவிருக்கும். ஆயிரக்கணக்கில் தோட்டாக்கள், எண்பதுகளில் இயக்கத்தார் புதைத்தவை என்று போலீஸ் சொன்னது. அந்த மண்ணின் மேல் பிள்ளைகள் முப்பது வருடம் விளையாடியிருக்கிறார்கள். ஓர் ஊருக்குள் இன்று துப்பாக்கியை விட்டால், இன்றைய நியாயத்துக்கு மட்டும் விடுவதாக நினைக்காதீர்கள். அது நம் பேரப்பிள்ளைகளின் கோபத்துக்கும் அங்கேயே இருக்கும்.

இப்போது படகுக்குத் துப்பாக்கி. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கச்சத்தீவுப் பக்கம் கழுத்தில் குண்டு பாய்ந்து செத்தார். இலங்கைக் கடற்படை தாங்கள் சுடவில்லை என்றது. அந்தச் சாவுக்கு நியாயம் கேட்கிற உரிமையை யாரும் நம்மிடம் இருந்து பறிக்க முடியாது. ஆனால் 2012-ஐயும் நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலின் வீரர்கள் கடற்கொள்ளையர் என்று நினைத்து இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஜூலையில் துபாய்க்கு அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டது. செத்தவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், பிழைக்கப் போனவர். இரண்டு படகிலும் ஆயுதம் இல்லை. அதனால்தான் சுட்டவர்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது. இத்தாலி வழக்கு 2021-இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டில் முடிந்தது, அது போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படகில் ஒரே ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அந்த வழக்கே நின்றிருக்காது.

நம் படகுகள் ஆயுதத்தோடு எல்லைக் கோட்டுப் பக்கம் போகத் தொடங்கிய அன்று, எதிரில் வரும் ரோந்துக் கப்பலுக்குச் சுட ஒரு காரணத்தை நாமே கையில் கொடுத்துவிடுவோம். இன்று பிடிபடுகிறவர் யாழ்ப்பாணச் சிறையில் இருந்து மீனவர் என்ற பேரில் திரும்பி வருகிறார். நாளை அந்தப் பேர் இருக்காது. அதுவும் எதிர்க்கரையில் வலை அறுபட்டு நிற்கிறவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்கள். அவர்கள் கையிலும் துப்பாக்கி கொடுக்கச் சொல்வீர்களா, தம்பி?

கடைசியாக, ஹூஸ்டன் வீட்டைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் கொலை 20,958. தற்கொலை 26,328. கள்ளனுக்குப் பயந்து வாங்கிய துப்பாக்கி, வீட்டில் இருக்கும் மனம் நொந்த ஒருவரின் கையில்தான் அதிகம் போய்ச் சேர்கிறது. சாக நினைப்பவர் எப்படியும் வழி தேடுவார் என்று சொல்வார்கள். அப்படி இல்லை என்பதற்கு நம் கடலுக்கு அந்தப் பக்கமே சாட்சி இருக்கிறது. 1995-இல் இலங்கையில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அது 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. போரும் வறுமையும் இருந்த அதே நாட்டில்தான். பொருள் கைக்கு எட்டாமல் போனதால் அந்த ஒரு நாளைக் கடந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

எனவே வாங்கியதற்காக மருமகனோடு சண்டை போடாதீர்கள், வரைபடத்தை வைத்து வாதாடவும் வேண்டாம். அவனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வைத்திருக்கிறானா? வீட்டில் யாராவது தூக்கம் கெட்டு, பேச்சுக் குறைந்து இருந்தால், அந்தக் காலம் வரைக்கும் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக வைக்க ஏற்பாடு இருக்கிறதா? அங்கே 988 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரமும் பேச ஆள் உண்டு, அதையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் வீட்டில் மிளகாய்க் கொல்லைக்கு வாங்கி வைத்த மருந்து டப்பா இருந்தால் அதற்கும் ஒரு பூட்டுப் போடுங்கள். மருமகன் ஊருக்கு வரும்போது ஒரு நாள் அழைத்து வாருங்கள், அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்