மூளைக்கு ஜிங்க் தேவை என்றால், மாத்திரை கொடுத்து ஞாபக சக்தியைக் கூட்டலாமா?

மகள் பிளஸ் டூ படிக்கிறாள், மூளையின் சிக்னலுக்கு ஜிங்க் தேவை என்று படித்தேன், தினமும் 50 மி.கி. மாத்திரை கொடுக்கிறேன், சரிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தது சரி. கொடுப்பதுதான் சரியில்லை.

நான் பதினெட்டு வருஷமாக மருந்துக் கடை வைத்திருப்பவன். பொங்கல் முடிந்தால் போதும், "புள்ளைக்கு ஞாபக சக்திக்கு ஏதாவது குடுங்க சார்" என்று வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் வல்லாரை கேட்டார்கள். கொரோனாவுக்கு அப்புறம் ஜிங்க்.

நம் உடம்பில் மொத்தமே 2 முதல் 3 கிராம் துத்தநாகம்தான் (ஜிங்க்கின் தமிழ்ப் பெயர்) இருக்கிறது. மூளையில் இருப்பதிலும் பெரும்பங்கு புரதங்களோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒட்டாமல் தனியாக இருக்கும் அந்தச் சின்னப் பங்குதான் நீங்கள் படித்த சமாசாரம். 1955இல் மாஸ்கே என்ற ஜெர்மானியர், துத்தநாகத்தோடு சேர்ந்தால் சிவக்கும் டிதிசோன் என்ற சாயத்தை விலங்குகளிடம் சோதித்தார். ஹிப்போகேம்பஸ் சிவந்து தெரிந்தது. புது நினைவுகள் உருவாகும் இடம் அது.

அங்குள்ள நரம்பு முனைகளில் குளுட்டமேட் நிரம்பிய நுண்பைகள் இருக்கும். அடுத்த செல்லைத் தூண்டிவிடுவது குளுட்டமேட்டின் வேலை. அதே பைகளுக்குள் இசட்என்டி-3 என்ற புரதம் துத்தநாகத்தையும் ஏற்றி வைக்கிறது. சிக்னல் போகும்போது இரண்டும் சேர்ந்தே வெளியே வருகின்றன. வந்த துத்தநாகம், எதிர்ப்பக்கத்து செல்லில் குளுட்டமேட்டின் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ ஏற்பியில் உட்கார்ந்து அதை அடக்குகிறது. 1987இல் இதைக் கண்டறிந்தார்கள். அதாவது, தூண்டுகிற முனையே கூடவே கடிவாளத்தையும் அனுப்பி வைக்கிறது. எனக்கு இன்னும் வியப்பாக இருக்கும் விஷயம் இது.

அந்த இசட்என்டி-3 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். வலிப்பைத் தூண்டும் மருந்து கொடுத்தால் அவற்றுக்குச் சுலபமாக வலிப்பு வந்தது. ஆனால் இளம் வயதில் கற்பதில் பெரிய குறை தெரியவில்லை. ஆறு மாத வயதில்தான் நினைவு தடுமாறியது என்று 2010இல் வெளியான ஆய்வு சொன்னது. சரி, கூடினால் நல்லதா என்றால் அதுவும் இல்லை. மூளைக்கு ரத்தம் நின்றுபோகும் நேரத்தில் துத்தநாகம் அளவுமீறி செல்லுக்குள் புகுந்து அதைச் சாகடிப்பதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

உண்மையான குறைபாடு வேறு கதை. 1958இல் ஈரானின் ஷிராஸில் ஆனந்த பிரசாத் (பீகார்க்காரர்) ஒரு நோயாளியைப் பார்த்தார். வயது 21, பார்க்கப் பத்து வயதுப் பையன். சாப்பாடு ரொட்டி, கூடவே களிமண். ஆள் மந்தமாகவும் இருந்தான். தானியத்தில் இருக்கும் பைட்டேட் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஜிங்க் கொடுத்தால் பலன் தெரியும். நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு மேற்கொண்டு கொடுத்தால் மதிப்பெண் ஏறாது.

இனி என் கடையில் நடந்தது. வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்றவர், எதிர்ப்பு சக்திக்கென்று 50 மி.கி. மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை ஒன்றரை வருஷம் போட்டார். அட்டை அட்டையாக எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒருநாள் செருப்பு காலில் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றார். நடையும் தள்ளாடியது. சர்க்கரை இல்லை, பி12 சரியாக இருந்தது. கடைசியில் நரம்பு டாக்டர் ரத்தத்தில் காப்பர் பார்த்தார், அடிமட்டத்தில் இருந்தது. ஜிங்க் அதிகமானால் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் பெருகும். அது செம்பை இறுகப் பிடித்துக்கொள்ள, அந்த செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு ஜிங்கையே மருந்தாகக் கொடுப்பது இதனால்தான். செம்பு குறைந்தால் தண்டுவடம் கெடும். மாத்திரையை நிறுத்தி, காப்பர் கொடுத்ததில் நடை ஓரளவு தேறியது. மரத்துப்போன பாதம் முழுதாகத் திரும்பவில்லை. அன்றிலிருந்து யார் ஜிங்க் கேட்டாலும் எத்தனை நாளுக்கு என்று கேட்காமல் கொடுப்பதில்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் 20 மி.கி.கூட 14 நாளோடு சரி.

உங்கள் மகள் வயதுக்கு, சாப்பாட்டையும் சேர்த்து ஒரு நாளின் உச்சவரம்பு 34 மி.கி. என்பது அமெரிக்கக் கணக்கு. அட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 50 என்பது ஜிங்க் சல்பேட்டின் எடையா, எலிமென்டல் ஜிங்கின், அதாவது அதிலுள்ள ஜிங்கின் மட்டுமான எடையா? 220 மி.கி. ஜிங்க் சல்பேட்டில்தான் 50 மி.கி. ஜிங்க் இருக்கும். 50 என்பது எலிமென்டல் ஜிங்க் என்றால் இன்றே நிறுத்துங்கள். சல்பேட் எடைதான் என்றாலும் தொடர அவசியமில்லை. சில வாரங்கள்தான் கொடுத்தீர்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் போயிருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்த அணுக்களையும் காப்பரையும் பார்த்துவிடுங்கள். முட்டை, கறி, கொண்டைக்கடலை, எள் போதும். இட்லி மாவு புளிக்கும்போது பைட்டேட்டும் கொஞ்சம் குறைந்துவிடும்.