ஈஸ்டர் பண்டிகையில் கிறிஸ்தவர்களுக்கு அப்படி என்ன மகிழ்ச்சி, என்ன நம்பிக்கை?

கிறிஸ்துமஸ் புரிகிறது, குழந்தை பிறந்த சந்தோஷம். ஆனால் எப்போதோ ஒருவர் இறந்து எழுந்தார் என்பதில் இன்றைக்கு இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்ததிலிருந்து கத்தோலிக்கன். வருடா வருடம் ஈஸ்டர் கொண்டாடியவன்தான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அம்மா இறந்த பிறகுதான்.

திருச்சபைக்கு ஈஸ்டர்தான் பெரிய விழா. விவிலியத்தில் இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களில், அவர் பிறந்த கதையை மத்தேயுவும் லூக்காவும் மட்டும் சொல்கிறார்கள். அவர் உடல் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த கல்லறையை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. கி.பி. 50களில் கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் திருத்தூதர் பவுல், கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் போதனையும் வீண், உங்கள் நம்பிக்கையும் வீண் என்று போட்டு உடைத்துவிடுகிறார்.

சரி, மகிழ்ச்சி எங்கே என்று அந்தப் பக்கங்களைத் தேடிப் படித்தால், முதலில் அது இருக்காது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பெரிய கைப்பிரதிகளில் மாற்கு நற்செய்தி, கல்லறைக்கு வந்த பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகிறது. எம்மாவு ஊருக்கு நடந்துபோகும் இரண்டு சீடர்கள், அவர் எங்களை மீட்பார் என்று எதிர்நோக்கியிருந்தோமே என்று வழிப்போக்கரிடம் புலம்புகிறார்கள். அந்த வழிப்போக்கரே இயேசுதான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் நெருக்கமானது இயேசுவின் சீடரான மகதலா மரியாவின் கதை. இருட்டு விலகும் முன்பே கல்லறைக்கு வந்துவிடுகிறார். கல் புரண்டு கிடக்கிறது. உயிர்த்தெழுதல் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. உடலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று அழுகிறார். எதிரே நிற்கும் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்து, நீர் தூக்கிப் போயிருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒற்றைப் பெண், ஒரு ஆணின் உடலை எப்படித் தூக்குவார்? அதை அவர் யோசிக்கவே இல்லை. இழவு கண்டவர்களுக்கு அந்தப் பேச்சு புரியும். அப்போது இயேசு ஒரே ஒரு சொல் சொல்கிறார்: "மரியா." உடனே திரும்பி "ரபூனி", அதாவது போதகரே, என்கிறார் மரியா. விளக்கமோ போதனையோ எதுவும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரலில் ஆளைக் கண்டுகொண்டார், அவ்வளவுதான்.

இப்போது அம்மாவைப் பற்றி. ஈஸ்டருக்கு முந்தைய இரவான பாஸ்கா இரவில் கோவிலின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வெளியே புதிதாகத் தீ மூட்டுவார்கள். அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுதிரியை ஏற்றுவார்கள். அதில் சிலுவை, கிரேக்க அகரவரிசையின் முதலும் கடைசியுமான அல்ஃபா, ஒமேகா எழுத்துகள், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள் எல்லாம் பொறித்திருக்கும். இயேசுவின் ஐந்து காயங்களுக்கு அடையாளமாக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்திருப்பார்கள். "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று மூன்று முறை பாடிக்கொண்டே அதை இருட்டுக்குள் எடுத்து வருவார்கள். அதிலிருந்து கை மாறி கை மாறி எல்லாருடைய திரியும் எரியும். அந்த வருடம் அம்மா தன் திரியிலிருந்து என் திரியை ஏற்றினார். கை நடுங்கி மெழுகு என் விரலில் சொட்டியது.

நான்கு மாதம் கழித்து, அதே பெரிய மெழுகுதிரி அம்மாவின் சவப்பெட்டி அருகே எரிந்துகொண்டிருந்தது. அதே நான்கு இலக்கங்கள். உயரம் மட்டும் குறைந்திருந்தது. ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அந்தத் திரியைத்தான் ஏற்றுவார்கள் என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு குழந்தையின் ஞானஸ்நானத் திரியை அதிலிருந்துதான் ஏற்றினார்கள்.

அன்று எனக்கு ஆறுதல் கிடைத்தது என்று சொன்னால் பொய். கோபம்தான் இருந்தது. பார்வை போன இடம் மட்டும் அந்த ஐந்து மணிகள். உயிர்த்த இயேசுவுக்குக் காயங்கள் மறைந்துவிடவில்லை. சந்தேகப்பட்ட சீடர் தோமாவுக்கு அவற்றைத்தான் காட்டுகிறார். பட்ட வலி படாததாக ஆகிவிடாது, ஆனால் கதை அதோடு முடியவும் இல்லை. இதைவிட நேர்மையான ஒரு நம்பிக்கையை நான் கண்டதில்லை. இன்னொன்று, அவர் ஆவியாகவோ நினைவாகவோ வரவில்லை. சீடர்கள் முன்னால் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். ஏரிக்கரையில் கரி அடுப்பு மூட்டி, வாருங்கள், சாப்பிடுங்கள் என்கிறார்.

எங்கள் விவிலியத் தமிழில் இதற்கு 'எதிர்நோக்கு' என்றொரு சொல் உண்டு. வரப்போகிறவருக்காக வாசலைப் பார்த்து நிற்பது போன்ற சொல். அம்மா மட்டுமே கூப்பிட்ட செல்லப் பெயர் ஒன்று எனக்கு இருந்தது. இப்போது அந்தப் பெயரில் கூப்பிட ஆளில்லை. ஒரு நாள் அந்தப் பெயரை மறுபடி கேட்பேன் என்று நான் எதிர்நோக்குகிறேன். நிரூபிக்க முடியுமா என்றால் முடியாது. ஆனால் பெண்களின் சாட்சிக்கு மதிப்பில்லாத காலத்தில், முதல் சாட்சிகள் பெண்கள் என்று எழுதி வைத்தவர்கள் கதை கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் நாங்கள் 'ஆண்டவரைப் போற்றுங்கள்' என்று பொருள்படும் அல்லேலூயாவைப் பாடுவதில்லை. பாஸ்கா இரவில்தான் அது திரும்பி வரும். குருவானவர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்திப் பாடுவார். மக்கள் திருப்பிப் பாடுவார்கள். அம்மா இல்லாத முதல் ஈஸ்டரில், புது ஆண்டு பொறித்த புதுத் திரியின் முன்னால், முதல் முறை எனக்குக் குரல் எழவில்லை. மூன்றாவது முறை அழுதுகொண்டே பாடினேன்.