கரையும் சாரம், கையோடு மரபணு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆழமான தீக்காயத்துக்குக் கொலாஜன் சாரம் (செல்கள் பற்றி வளர உதவும் தாங்கு கட்டமைப்பு) வைக்கிறார்களே, பிறகு அதை எடுத்துவிடுவார்களா?

பதில்: தோலுக்கு உறுதி தரும் நார்ப்புரதமான கொலாஜனை எடுப்பதில்லை. காயத்துக்குள் நுழையும் செல்கள் நொதிகளைச் சுரந்து அதை அரித்துக்கொண்டே, அந்த இடத்தில் தங்கள் சொந்தக் கொலாஜனை இழைக்கின்றன. கட்டடம் எழுந்த பிறகு சாரத்தைப் பிரிப்போம். இங்கே எழுப்புவதும் பிரிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஆய்வாளர்கள் யானஸ், பர்க் இருவரும் உருவாக்கி, 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டெக்ரா என்ற செயற்கைத் தோலில் இரண்டு அடுக்குகள் உண்டு. கீழே மாட்டுக் கொலாஜனும் காண்ட்ராய்டின் சல்ஃபேட்டும் (குருத்தெலும்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலி) கலந்த பஞ்சு, மேலே சிலிக்கோன் படலம். சுமார் மூன்று வாரம் கழித்து சிலிக்கோனை மட்டும் உரித்துவிட்டு, நோயாளியின் மெல்லிய தோலை ஒட்டுவார்கள்.

சாரம் சீக்கிரம் கரைந்தால் காயம் சுருங்கி இழுத்துக்கொள்ளும். கரையாமல் கிடந்தால் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி, சுற்றிலும் நார்த்திசுவால் மூடிவிடும். ஆகவே எந்தப் பொருள் என்பதற்கு முன்னால், எத்தனை வாரத்தில் கரைய வேண்டும் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஆய்வகத்தில் உறைய வைத்து உலர்த்தி கொலாஜன் பஞ்சு செய்கிறோம். துளைகள் ஓரத்தில் சிறிதாகவும் நடுவில் பெரிதாகவும் வருகின்றன. மேலே ஏடு கட்டுகிறது. ஈரத்தில் வைத்தால் குழைகிறது. எங்கே தவறு?

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

துளை என்பது பனிப்படிகம் இருந்த இடம். படிகம் வளரும்போது கொலாஜனை ஒதுக்கித் தள்ளுகிறது. அந்தப் படிகம் ஆவியானதும் மிஞ்சுவது துளை. ஏற்கெனவே கடுங்குளிராக இருக்கும் தட்டில் கலவையை வைத்தால், தட்டைத் தொடும் பகுதி உடனே உறைந்து சிறு படிகங்களாகிவிடும். உட்பகுதி மெதுவாக உறைந்து பெரிய படிகங்களைத் தரும். அறை வெப்பத்தில் தொடங்கி நிமிடத்துக்கு சுமார் 0.9 டிகிரி வீதம் சீராகக் குளிர்வியுங்கள். –40 டிகிரியில் நிறுத்தினால் துளை சராசரியாக 100 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், –10 டிகிரியில் நிறுத்தினால் 150-ஐ ஒட்டியும் வரும். தோலுக்கு 20 முதல் 125 வரை போதும். எலும்புக்கு 300-க்கு மேல் நல்லது. அந்த அளவை எட்ட உறைநிலைச் சுழற்சியை மாற்ற வேண்டும், அல்லது உப்புக் கரைப்பு போன்ற வேறு முறைக்குப் போக வேண்டும்.

கலவை: 0.05 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 0.5 சதவீதக் கொலாஜன், அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காண்ட்ராய்டின் சல்ஃபேட். 4 டிகிரியைத் தாண்டாமல் கலக்குங்கள்; கலக்கியின் சூட்டிலேயே கொலாஜன் ஜெலட்டினாக மாறிவிடக்கூடும். ஊற்றும் முன் வெற்றிடத்தில் குமிழிகளை வெளியேற்றுங்கள். குமிழியை விட்டுவிட்டால் அது துளையாகத் தெரியாது, ஓட்டையாகத் தெரியும்.

காற்றைத் தொடும் பரப்பில் கொலாஜன் செறிந்து படலமாவதுதான் ஏடு. அதை முழுக்கத் தடுப்பது கடினம். கொஞ்சம் தடிமனாகவே வார்த்து, மேற்பகுதியைக் கூரிய பிளேடால் சீவி எடுப்பதே எளிய வழி. ஏட்டை விட்டுவைத்தால் செல்கள் அதன்மேல் பரவிவிடும், உள்ளே இறங்காது.

குழைவதற்குக் காரணம் குறுக்குப்பிணைப்பு, அதாவது கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்பு, போதாமை. நன்றாக உலர்ந்த பஞ்சை வெற்றிடத்தில் 105 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள். ஈரம் மிஞ்சியிருக்கும்போது சூடாக்கினால் எல்லாம் கெட்டது. இன்னும் உறுதி தேவையென்றால், குறுக்குப்பிணைப்புக்கான வேதிப்பொருள்களை, 1 கிராம் கொலாஜனுக்கு 6 மில்லிமோல் இடிசி, 2.4 மில்லிமோல் என்எச்எஸ் என்ற அளவில் சேர்த்து 2 மணி நேரம் வைத்து, பலமுறை கழுவுங்கள்.

கேள்வி: 3 மில்லிமீட்டர் தடிமனான பஞ்சில் செல்களை விதைத்து இரண்டு வாரத்தில் வெளிப்புறம் அடர்த்தியாக இருக்கிறது, நடுவில் எல்லாம் செத்துக் கிடக்கிறது. ஊடகத்தை (செல்களுக்கு ஊட்டம் தரும் திரவத்தை) அடிக்கடி மாற்றியும் பயனில்லை.

பதில்: ஊடகத்தை மாற்றுவதால் இது தீராது. உயிருள்ள திசுவில் பெரும்பாலான செல்கள் ஏதோவொரு ரத்தத் தந்துகியிலிருந்து 100–200 மைக்ரோமீட்டருக்குள் இருக்கின்றன. உங்கள் 3 மில்லிமீட்டர் பஞ்சின் மையம் 1,500 மைக்ரோமீட்டர் தள்ளியிருக்கிறது. வெளிச் செல்கள் பெருகப் பெருக ஆக்சிஜனை அவையே தீர்த்துவிடும்.

முதலில் விதைப்பைச் சரிசெய்யுங்கள். பஞ்சை முன்பே ஊடகத்தில் நனைத்து, மிகுதியை ஒற்றியெடுங்கள். பாலிமர் சாரமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகாது; எத்தனாலில் நனைத்து, படிப்படியாக பஃபருக்கு (அமிலத்தன்மை மாறாத கரைசலுக்கு) மாற்றி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். 10 மில்லிமீட்டர் வட்டுக்கு ஒரு பக்கம் 50 மைக்ரோலிட்டரில் 2.5 லட்சம் செல்கள் விட்டு, 20 நிமிடம் கழித்துத் திருப்பி மறுபக்கம் அதே அளவு விடுங்கள். இன்குபேட்டரில் 2 மணி நேரம் ஒட்டவிட்ட பிறகே ஊடகம் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் பாதிச் செல்கள் கிண்ணத்தின் அடியில் கிடக்கும்.

அதற்கு மேல் ஊடகம் பஞ்சின் ஊடாகவே பாய்கிற பெர்ஃபியூஷன் அமைப்புதான் வழி. உடலில் வைக்கும்போது இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகும், ஏனென்றால் தந்துகி உள்ளே வளர்ந்துவர நாட்கள் ஆகும். செல்கள் அதுவரை காத்திருக்காது. சாரத்தோடு மரபணுவையும் அனுப்பும் முயற்சிகளில் பெரும்பகுதி, விஇஜிஎஃப் போன்ற ரத்தநாள வளர்ச்சிக் காரணியைச் சுற்றியே நடப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: வளர்ச்சிப் புரதத்தையே பஞ்சில் ஊறவைத்தால் போதாதா? எதற்கு மரபணு?

பதில்: ஊறவைத்த புரதத்தில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடுகிறது. அதை ஈடுகட்ட அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் அனுமதியான, பிஎம்பி-2 என்ற எலும்பு வளர்ச்சிப் புரதம் ஊறிய கொலாஜன் பஞ்சில் அதன் செறிவு மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம்; உடலில் இயல்பாக இருப்பதைவிட இது மிக மிக அதிகம். அதையே கழுத்து முதுகெலும்பில் பயன்படுத்தியபோது மூச்சுக்குழாயை நெரிக்கும் அளவுக்கு வீக்கம் வந்ததாகப் பதிவாகி, 2008-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது.

பஞ்சில் அந்தப் புரதத்துக்கான மரபணு உள்ள பிளாஸ்மிட் டிஎன்ஏவை (சிறு வளைய டிஎன்ஏ) வைத்தால், உள்ளே வரும் செல் அதை எடுத்துக்கொண்டு சிறு அளவில், பல நாட்களுக்குப் புரதத்தைத் தானே சுரக்கும். 1999-ல் நாயின் கால் எலும்பில் இதைக் காட்டினார்கள். ஆனால் வெறும் டிஎன்ஏவைச் செல்கள் எளிதில் எடுப்பதில்லை; மில்லிகிராம் கணக்கில் தேவைப்பட்டது. ஆகவே பிஇஐ (பாலிஎத்திலீன்இமைன்) போன்ற நேர்மின் பாலிமரோடு சேர்த்து நுண்துகளாக்குகிறோம்.

கணக்கு எளிது. 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவில் சுமார் 3 நானோமோல் பாஸ்பேட் உண்டு. பிஇஐயின் நைட்ரஜனுக்கும் டிஎன்ஏவின் பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம் 10 வேண்டுமென்றால் 30 நானோமோல் நைட்ரஜன், அதாவது நைட்ரஜன் செறிவு 10 மில்லிமோலாராக உள்ள பிஇஐ கரைசலில் 3 மைக்ரோலிட்டர். இரண்டையும் 5 சதவீத குளுக்கோஸில் தனித்தனியே கரைத்து, வேகமாகக் கலந்து, 20–30 நிமிடம் அப்படியே விடுங்கள். உப்பு பஃபரில் கலந்தால் துகள்கள் திரண்டு பெரிதாகும்; 200 நானோமீட்டருக்குள் இருப்பதுதான் நல்லது. விகிதத்தைக் கூட்டக் கூட்டப் பிணையாத பிஇஐ மிஞ்சி செல்களைக் கொல்லும். பஞ்சில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் அதிகமிருந்தால் அதன் எதிர்மின்னேற்றம் பிஇஐயைத் தன்பக்கம் இழுத்து டிஎன்ஏவைக் கழற்றிவிடக்கூடும். ஒவ்வொரு பஞ்சுக்கும் இதைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

ஒப்பீட்டுக்கு வெறும் பஞ்சு போதாது. மரபணு இல்லாத காலிப் பிளாஸ்மிட்டும் பிஇஐயும் சேர்த்த பஞ்சு கட்டாயம் வேண்டும். பிளாஸ்மிட் பாக்டீரியாவில் பெருக்கப்படுவது; அந்தப் பாக்டீரியா டிஎன்ஏவே அழற்சியைத் தூண்டி முடிவைக் குழப்பும். மரபணு வேலை செய்கிறதா என்று காட்டப் பயன்படும் பச்சை ஒளிர்புரதத்தையும் நம்பாதீர்கள், கொலாஜன் தானாகவே பச்சையில் ஒளிரும். அதற்குப் பதிலாக, செல்லிலிருந்து சுரக்கப்படும் காசியா லூசிஃபெரேஸ் (ஒளி உண்டாக்கும் நொதி) என்றால் ஊடகத்தை மட்டும் எடுத்து அளக்கலாம், பஞ்சைக் கலைக்க வேண்டாம்.

கேள்வி: பிஎல்ஜிஏ (உடலில் மெதுவாகக் கரையும் பாலிமர்) துகளுக்குள் டிஎன்ஏவை அடைத்தால் மெதுவாக வெளிவருமா?

பதில்: வரும், ஆனால் பழுதாகி வரலாம். பிஎல்ஜிஏ உடையும்போது அமிலங்கள் உருவாகி உள்ளேயே தேங்குகின்றன; அந்த அமிலத்தில் டிஎன்ஏ சிதைகிறது. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அமிலத்தை அடக்குவது பழகிய வழி.

கேள்வி: மரபணு ஏற்றிய பஞ்சை எப்படிக் கிருமிநீக்கம் செய்வது?

பதில்: ஆட்டோகிளேவ் (உயரழுத்த நீராவி) கூடாது, கொலாஜன் கெட்டுவிடும். 70 சதவீத எத்தனால் பாக்டீரியா வித்துகளைக் கொல்லாது. காமா கதிர் டிஎன்ஏவைத் துண்டாக்கும். ஆகவே வெறும் பஞ்சை முதலில் எத்திலீன் ஆக்சைடால் கிருமிநீக்கி, வாயு முழுக்கப் போகும்வரை காற்றாட வையுங்கள். டிஎன்ஏ கரைசலையும் பிஇஐ கரைசலையும் தனித்தனியே 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, தூய காற்றறையில் கலந்து பஞ்சில் விடுங்கள். கலந்த பிறகு வடித்தால் துகளில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும். பிளாஸ்மிட்டில் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சு) இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள், அது 0.2 வடிகட்டியில் நிற்காது.