இந்த நம்பர் பிளேட் எந்த ஊர்? கேள்வி பதில்

முதலில் பிளேட்டின் நிறம், அப்புறம்தான் எழுத்து. நிறம் சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது.

ராயபுரம்: நீல பிளேட், வெள்ளை எழுத்து, நடுவில் 'சிசி'. எந்த மாநிலம் சார்?
மாநிலமே இல்லை. துணைத் தூதரக வண்டி. முதலில் உள்ள எண்தான் நாடு. 77 என்றால் அமெரிக்கா. 'சிடி' தூதரகம், 'யுஎன்' ஐ.நா.

காசிமேடு: ஏபி 39 எந்த மாவட்டம்ணே?
சொல்ல முடியாது. 2019இல் ஆந்திரா முழுக்கப் பொதுவாகக் கொண்டுவந்த எண் அது. பழைய வண்டியில் 26 இருந்தால் நெல்லூர், 03 சித்தூர்.

எண்ணூர்: கேரியர் லாரியில் பிளேட்டே இல்லாத புதுக் கார்கள்?
காமராஜர் துறைமுகம் வழியாக ஏற்றுமதிக்குப் போகிறவை. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 17 இலக்க சேசிஸ் எண் 'எம்ஏஎல்' என்று தொடங்கினால் நம்ம ஊர் ஹூண்டாய்.

மணலி: கன்டெய்னர் லாரியில் என்எல் 01. நாகாலாந்திலிருந்தா வருது?
பதிவு மட்டும் கோஹிமா. வண்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அங்கே வரி குறைவு, அவ்வளவுதான். நேஷனல் பர்மிட், அதாவது நாடு முழுக்கச் சரக்கு ஏற்றும் அனுமதி இருந்தால் இங்கே ஓடலாம். முன்னும் பின்னும் 'என்/பி' எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மாதவரம்: அப்போ வெளிமாநில பிளேட் போட்ட ஆம்னி பஸ்ஸை மட்டும் ஏன் பிடிக்கிறாங்க? ரெண்டும் வரி ஏய்ப்புதானே?
லாரியையும் பஸ்ஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். பஸ்ஸிடம் இருப்பது அகில இந்திய சுற்றுலா பர்மிட். அதை வைத்துக்கொண்டு தினமும் ஒரே ரூட்டில் தனித்தனி டிக்கெட் போட்டு ஆள் ஏற்றுவதுதான் தகராறு. 2024 ஜூனில் தமிழ்நாடு கெடுபிடி செய்தது அதற்குத்தான். லாரி சரக்கு ஏற்றுகிறது, டிக்கெட் கிழிப்பதில்லை.

மணலி: இருந்தாலும் டூப்ளிகேட் பிளேட்டா இருக்கலாமே?
இருக்கலாம், ஆனால் 'என்எல்' என்பது அதற்குச் சாட்சி இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டி என்றால் பிளேட்டின் இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹோலோகிராம், கீழே லேசர் எண், கழற்ற முடியாத ஸ்னாப் லாக் மூன்றும் இருக்கணும். சாதா ஸ்குரூ போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடி ஸ்டிக்கர் டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கு வெளிர்நீலம். டீசல் லாரியில் நீலம் ஒட்டியிருந்தால் ஏதோ கோளாறு.

கொருக்குப்பேட்டை: நம்பர் தர்றேன், ஓனர் பேர் சொல்லுங்க.
மாட்டேன். இடித்துவிட்டுப் போயிருந்தால் போலீசுக்குப் போங்கள்.

தண்டையார்பேட்டை: '22 பிஎச்' பீகாரா?
நாலாவது தடவை இதே கேள்வி. பீகார் 'பிஆர்'. இது பாரத் சீரிஸ், மாநிலம் மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டாம். 22 பதிவான வருஷம்.

திருவொற்றியூர்: கேரளா கார் வாங்கினேன், அப்படியே ஓட்டலாமா?
12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் டிஎன் எண் வாங்கியே ஆகணும். அங்கே படிவம் 28இல் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே புது எண் கேட்டுப் படிவம் 27, கூடவே வரி. லோன் பாக்கி இருந்தால் பைனான்ஸ்காரர் சம்மதம் முதலில்.

எர்ணாவூர்: அம்புக்குறி போட்ட பிளேட்?
ராணுவம். ஊர் அதில் வராது.